மகனுக்கு ரிலீஸ் கேட்டவனுக்கு

தம்பி,

இன்று காலை ஷெட்டில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியின் அடிப்பக்கம் கிழிந்து, உள்ளே இருந்த பந்துகள் எல்லாம் தரையில் உருண்டு ஓடின. கூடைப்பந்துகள். சூப்பர்வைசர் "யல்லா, ஜல்தி ஜல்தி" என்று கத்த, ஆட்கள் ஆளுக்கொரு பக்கமாக ஓடிப் பிடித்தார்கள். என்னால் இப்போது ஓட முடியாது. காலடிக்கு வந்த ஒன்றை மட்டும் குனிந்து எடுத்தேன். புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. அன்றைக்கு அல் குசைஸில் ஆட்டம் முடிந்து வந்த உன் மகன் முத்து, உன் கையில் ஒரு பந்தைக் கொடுத்தான். நீ அதைக் கைக்குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கி மோந்து பார்த்தாய். அந்த வாசனையேதான். பந்தை மூக்கருகே வைத்தபடி நின்ற என்னைப் பார்த்து சூப்பர்வைசர், "சாச்சா, என்ன, சாப்பிடப் போறீங்களா?" என்று இந்தியில் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பந்தைப் பெட்டியில் போட்டேன். அதன் பிறகு வேலை ஓடவில்லை.

இதை எழுதுவது நான்தான். யாரிடமும் சொல்லி எழுதவில்லை. நம்ப மாட்டாய். நீ இருந்தவரை, "அண்ணாச்சி, எழுத்துக் கூட்டி வாசிக்கவாச்சும் படிங்க, நான் சொல்லித் தாரேன்" என்று எத்தனையோ தடவை கேட்டாய். இந்த வயசில் எதற்கு என்று தட்டிக் கழித்தேன். நீ போன பிறகு, பர் துபாயில் கோவிலுக்குப் போகும் சந்துக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்தேன். ஓர் அம்மா சொல்லிக் கொடுக்கிறார். அவர் "வாங்க மாணவர்களே" என்று கூப்பிடும்போது, கம்பி கட்டுகிறவனும் பெயின்ட் அடிக்கிறவனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெட்கப்படுவோம். நானாகப் படித்த முதல் சொல், மெஸ்ஸில் இருந்த ஊறுகாய் பாட்டிலில் போட்டிருந்த எலுமிச்சை. இத்தனை வருஷமும் அதை நார்த்தங்காய் என்று நினைத்தே சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது? பக்கத்தில் இருந்த நேபாளிப் பையனிடம் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். அவன் ஊறுகாய் கேட்கிறேன் என்று நினைத்துத் தட்டில் போட்டான்.

எழுதுவது மெதுவாகத்தான் வருகிறது. ஒரு பத்தி முடிப்பதற்குள் கை வலித்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு வரி முடியும்போதும் ஒரு தடவை திரும்பப் படித்துப் பார்த்துக்கொள்கிறேன், நான் நினைத்ததுதான் அங்கே இருக்கிறது. அது போதும் எனக்கு. மற்றபடி அலுத்துவிட்டது தம்பி. முழங்கால் அலுத்துவிட்டது, இந்த வெயில் அலுத்துவிட்டது, மெஸ் பருப்பு அலுத்துவிட்டது. கிழிந்த அட்டைகளை அடுக்கிக் கட்டும் வேலைதான் இப்போது கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்தே செய்யலாம்.

உன் ஃபோர்க்லிஃப்டை இப்போது ஒரு பஞ்சாபி ஓட்டுகிறான். நல்ல பையன். ஆனால் நீ வண்டியைப் பின்னால் எடுக்கும்போது போடுவாயே ஒரு சத்தம், "வழி, வழி, வழி" என்று, அது இல்லாமல் ஷெட் ஊமையாக இருக்கிறது.

முத்து சென்னைக் கல்லூரியில் சேர்ந்த புதிதில் நீ பட்ட பெருமை எனக்கு நினைவிருக்கிறது. விளையாட்டுக் கோட்டாவில் சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் கிடைத்தது. "தெனமும் முட்டை குடுக்காங்களாம் அண்ணாச்சி" என்று கேம்ப் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அவன் ஆடும் ஆட்டங்களை யாரோ மைதானத்தில் நின்று போனில் பிடித்து அனுப்புவார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாம் இருவரும் அதை வைத்துக்கொண்டு பார்ப்போம். படம் நடுநடுவே நின்றுவிடும். பந்தைத் தட்டிக்கொண்டேதான் ஓட வேண்டும், கையில் எடுத்துக்கொண்டு ஓடினால் விசில் ஊதிவிடுவார்கள் என்பதைத் தாண்டி நமக்கு ஒன்றும் தெரியாது. கூட்டத்தில் உயரமாகத் தெரிகிறவன் உன் மகன், அவ்வளவுதான். ஒருமுறை நீ வேறு ஒரு நெட்டைப் பையனுக்கு ரொம்ப நேரம் கை தட்டிக்கொண்டிருந்தாய். நான் சொன்னதும், "அவனும் ஒரு தகப்பன் பெத்த பிள்ளதான, தட்டுன கைய என்ன செய்ய?" என்றாய்.

அந்த நல்ல நாட்களின் நடுவில்தான் இந்த டிராஃப்ட் வந்து நின்றது.

வளைகுடா நகரங்களின் கிளப்புகள் சேர்ந்து சம்பளம் கொடுத்து நடத்தும் ஒரு போட்டி. அதற்கு ஆட்களை எடுப்பதற்கு ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். முத்து போனில் சொன்னது எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஊரில் ஏஜென்ட் ஆபீஸில் நம்மை வரிசையாக நிற்க வைத்து, கம்பெனிக்காரன் விரலைக் காட்டி எடுத்தானே, அதேதான். ஒரு வித்தியாசம், போன வருஷம் தோற்றுக் கடைசியில் வந்த கிளப்புக்கு முதலில் விரல் நீட்டும் உரிமை. "இந்த நியாயம் நம்ம கம்பெனிகள்ல இல்லையேப்பா" என்று நான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. கல்லூரியில் படிக்கிற பையன்களும் பெயர் கொடுக்கலாம். ஆனால் ஒரு கிளப் எடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டால் படிப்பை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். முத்துவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. டிகிரியை முடித்தால் ரயில்வேயிலோ வங்கியிலோ விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு உட்காரலாம். அதுதான் உன் கனவு. உன் மகன் நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும்.

கேம்பில் ஆளுக்கு ஒரு கட்சி. மெஸ்காரர் போகட்டும் என்றார். பஸ் ஓட்டும் கான் பாய், "உடம்புல சக்தி இருக்கும்போதே கூப்பிடுறான், அப்புறம் யார் கூப்பிடுவா பாய்?" என்று இந்தியில் சொன்னார். நான் முடித்துவிட்டு வரட்டும் என்றேன். நீ யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், என்னிடம் தனியாக வந்து மெல்லிய குரலில் கேட்டது என் காதில் இருக்கிறது.

"அண்ணாச்சி, பாதியில விட்டுட்டுப் போனா, அப்ஸ்காண்டிங் போட்டுருவாங்கள்லா?"

"காலேஜ்ல ஏதுப்பா அப்ஸ்காண்டிங்?"

"சர்ட்டிபிகேட்டு பூராவும் அவங்க கையிலதான இருக்கு. நம்ம பாஸ்போர்ட்டு கபீல்ட்ட இருந்த மாரி."

உன் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வாலிப வயசில் முதல் கம்பெனியை விட்டு, வேறு ஒருவன் நல்ல வேலை தருகிறேன் என்றதை நம்பி, காண்ட்ராக்ட் முடியாமல் ஓடியவன் நீ. விசா கொடுத்த முதலாளி, அந்தக் கபீல், ஓடிப்போனவன் என்று அப்ஸ்காண்டிங் புகார் கொடுத்துவிட்டான். அதன் பிறகு போலீஸ் வண்டியைப் பார்த்தாலே சந்துக்குள் திரும்பிக்கொள்ளும் வாழ்க்கை. கடைசியில் பொதுமன்னிப்பு வந்தபோது வரிசையில் நின்று விரல் ரேகை வைத்துவிட்டு வெறுங்கையோடு ஊர் போனாய். மறுபடி விசா கிடைப்பதற்குள் தங்கை கல்யாணம் தள்ளிப்போனது, அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பாதியில் விட்டுப் போவது என்றால் உனக்கு அதுதான்.

கொஞ்ச நாளில் கல்லூரி அணியையே இங்கே அழைத்துவந்தார்கள். அல் குசைஸில் ஒரு பள்ளிக்கூட உள்ளரங்கில் ஆட்டம். கல்லூரிக்கு அது நட்பு ஆட்டம், கிளப்புக்காரர்களுக்குப் பையன்களை நேரில் பார்க்க ஒரு வழி. கான் பாய் ஜெபல் அலி கேம்பிலிருந்து அத்தனை தூரம் நம்மைக் கொண்டுபோய் விட்டார். நம்மைப் போல இன்னும் இரண்டு மூன்று பேர்தான், மற்றவர்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்தவர்கள். ஏசி குளிரில் நீ கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். போனில் நடுநடுவே நின்றுபோகும் முத்து, நேரில் நிற்கவே இல்லை தம்பி. என்ன ஓட்டம்! ஒரு தடவை எகிறிப் பந்தைப் பிடிக்கும்போது இன்னொருவன் இடித்து, தரையில் பொத்தென்று விழுந்தான். அரங்கமே எழுந்து நின்றது. நீ மட்டும் எழவில்லை. உன் விரல்கள் என் தொடையை அப்படி அழுத்தின. அவன் எழுந்தான். முழங்காலைத் தடவினான். இடித்தவனைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் மறுபடி ஓடினான்.

ஆட்டம் முடிந்து, எதிர்ச் சாரியில் இருந்த கஃபட்டீரியாவில் நாம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். புரோட்டா வந்தது, டீ வந்தது. அவன் சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். பெயர் கொடுத்துவிட்டதாகவும், வேண்டாம் என்றால் புதன்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான்.

"முடிச்சிட்டுப் போலே" என்றாய் நீ. "ஒரு வருசம்தான. கண்ண மூடித் தெறக்குமுன்ன போயிரும்."

"ஒரு வருசத்துல முட்டி போயிருச்சுன்னா? டிகிரிய எப்ப வேணும்னாலும் எழுதலாம்ப்பா. ஓட்டம் எப்பவும் வராது."

"முட்டி போனா சோறு போடுறதுக்குத்தாம்ல டிகிரி."

"காலேஜ் ஒண்ணும் கம்பெனி இல்லப்பா. நீங்க எல்லாத்தையும் விசாவாவே பாக்கீங்க."

"விசாவுல கெடந்து சீரழிஞ்சவன் வேற எப்படில பாப்பான்?"

"ஒங்களுக்கு நடந்தா எனக்கும் நடக்கணுமா?"

அவன் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "டீ ஆறுதுப்பா" என்றேன். அவன் உடனே டீயை எடுத்துக் குடித்தான். எனக்காகத்தான் குடித்தான். கிளம்பும்போது உன் காலைத் தொட்டான். நீ தலையில் கை வைத்தாய். உன் கை எட்டுவதற்காக அவன் குனிய வேண்டியிருந்தது.

மறுநாள் ஷெட்டில் உன் "வழி, வழி" சத்தம் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை டீ நேரத்தில் என்னை ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாய்.

"அவன் விழுந்துட்டு எந்திரிச்சதப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பார்த்தேன்ப்பா."

"சிரிச்சாம்லா. அந்த வயசுல நானும் விழுந்தேன். எந்திரிச்சப்ப எனக்குச் சிரிப்பு வரல, பயம்தான் வந்துச்சி. இன்னும் போகல." டீ கப்பைத் தரையில் வைத்தாய். "போட்டும். அவன் போட்டும். ஆனா நான் ஓடுன மாரி ஓடக் கூடாது. முறையாக் கேட்டு, ரிலீஸ் வாங்கிட்டுப் போகணும். நானே கேட்டுத் தாரேன்."

சொல்லிவிட்டு, வேலைக்குப் போடும் முழு உடுப்பான கவராலின் மேல் பகுதியைக் கழற்றி இடுப்பில் கட்டினாய். உள்ளே வெள்ளையில் நீலக் கட்டம் போட்ட சட்டை, இஸ்திரி போட்டது. கோவிலுக்குப் போனால் போடுவாயே, அது.

"ஏம்ப்பா, போன்ல சட்டை தெரியுமா?"

"தெரியாது அண்ணாச்சி. நமக்குத் தெரியும்லா."

கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாய். ஒரு கையில் போன், இன்னொரு கை வயிற்றோடு. கல்லூரி ஆபீஸில் யாரோ எடுத்து, வேறு யாரிடமோ கொடுத்து, அவர் இன்னும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்தார். நீ ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னாய். "பையன் நல்ல பையன் சார். ஒங்க உப்பத் தின்னு வளந்தவன். ஒரு நல்ல எடம் வந்துருக்கு. நீங்க மனசார ஒரு ரிலீஸ் குடுத்தீங்கன்னா, சந்தோசமாப் போயிட்டு வருவான்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நீ "ரொம்ப நன்றி சார்" என்று வைத்தாய். நெற்றியெல்லாம் வேர்வை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "முறையாப் பேசியாச்சி. சாயங்காலம் பயலக் கூப்பிட்டுச் சொல்லணும். குதிப்பான்."

கல்லூரிக்கு அவன் பெயர் கொடுத்த விஷயமே தெரியாது என்று நமக்கு யார் சொன்னது? அவன் சொல்லவில்லை. நமக்கும் கேட்கத் தோன்றவில்லை. வேறு இடத்துக்குப் போகிறவன் இருக்கிற இடத்தில் ரிலீஸ் கேட்பான், அதுதானே இந்த ஊரில் நாம் கண்ட ஒழுங்கு.

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அவனே கூப்பிட்டுவிட்டான். குரல் எனக்கும் கேட்டது.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க? ஒங்கள யாரு போன் பண்ணச் சொன்னா?"

அவர்களுக்குத் தெரியாமல் பெயர் கொடுத்துவிட்டான் என்று கல்லூரியில் ஒரே கோபம். அணியிலிருந்து எடுத்தாயிற்று. அவன் இடத்துக்கு வேறு பையனாம், ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டுமாம். பி.டி. மாஸ்டர் மன்றாடிப் பார்த்தாராம், நடக்கவில்லை. இனி டிராஃப்டில் எவனாவது எடுத்தால் உண்டு. எடுக்காவிட்டால் இரண்டும் இல்லை.

நீ "அய்யா, எனக்குத் தெரியாதுய்யா" என்றாய். அவன் வைத்துவிட்டான். உன் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

நான் சொன்னேன், "நீ சரின்னுதானே கேட்டே. அதை அவன்கிட்ட சொல்லுப்பா. போகச் சொல்லித்தான் பேசினேன்னு சொல்லு."

"இப்பம் சொன்னா சாக்கு மாரி இருக்கும் அண்ணாச்சி."

"சாக்கு இல்லையே. நான் பக்கத்துலதானே இருந்தேன்."

"கெடுத்தவன் கெடுத்தவன்தான். அவனுக்கு ஒரு எடம் கெடைக்கட்டும், பொறவு சொல்லுதேன்."

டிராஃப்ட் நடந்த நாள் லீவு நாள். ரூமில் எல்லோரும் ஒரே போனைச் சுற்றிக் குவிந்து கிடந்தார்கள். நீ மட்டும் துவைக்கும் இடத்துக்குப் போய்விட்டாய். ஒரு பெயர், இன்னொரு பெயர், இன்னொரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் நான் வாசல் வரை போய் உன்னைப் பார்த்துவிட்டு வருவேன். நீ துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாய். கடைசிச் சுற்றில், எல்லோரும் விட்டுவிட்டு எழுந்திருக்கிற நேரத்தில், முத்து பெயர் வந்தது. ரூம் அதிர்ந்தது. கான் பாய் என்னைத் தூக்கிவிட்டார். நீ சோப்புக் கையோடு வந்து வாசலில் நின்றாய்.

"எடுத்துட்டானா?"

"எடுத்துட்டான்ப்பா!"

"ம்" என்றாய். திரும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாய். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது.

அவன் இங்கே வந்த பிறகும் நீங்கள் இருவரும் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். "சாப்ட்டியாலே?" "சாப்ட்டேன்ப்பா." "வெயில்ல அலையாத." "சரிப்பா." அவ்வளவுதான். கிளப்பில் அவனைப் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அதற்கும் நீதான் காரணம் என்று நீயே தலையில் ஏற்றிக்கொண்டாய். கல்லூரி வைத்துக்கொண்ட சர்ட்டிபிகேட்டுகளை வாங்க உன் வீட்டுக்காரி சென்னைக்கும் ஊருக்கும் பஸ்ஸில் அலைந்தாள். அப்போது மட்டும் என்னைப் பார்த்து, "நான் சொன்னேன்லா, பாஸ்போர்ட்டு மாரின்னு" என்றாய். சிரித்தாயா, அலுத்துக்கொண்டாயா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. எப்போது சொல்லப் போகிறாய் என்று நான் கேட்கும்போதெல்லாம் "சொல்லுதேன் அண்ணாச்சி" என்பாய்.

ஆடி மாத வெயிலில் ஒருநாள் வண்டியிலேயே சாய்ந்துவிட்டாய். தூக்கும்போது கவரால் நெருப்பாகச் சுட்டது. விமானத்தில் உன் பெட்டியை ஏற்றும் கார்கோ வாசலுக்கு முத்து கிளப்பின் டிராக் சூட்டோடு ஓடி வந்தான். அழவில்லை. என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். அந்தக் கையின் கனத்தில் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லும் நேரமா அது?

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து நான் கீழே இறங்கினால், முத்து நிற்கிறான். மீனா பஜார்க் கூட்டத்தில் அவன் தலை மட்டும் தனியாகத் தெரிந்தது. "பெரியப்பா, படிக்கப் போறீங்களாமே!" என்று என் பையை வாங்கித் திறந்து பார்த்தான். நான் எழுதியிருந்த பக்கத்தைச் சத்தமாகப் படித்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு கடையில் உட்கார்ந்தோம்.

முழங்காலில் கட்டு போட்டிருந்தான். கிளப்புக்கு அவன் இன்னும் ஒரு சீசன் ஆட வேண்டுமாம். ஆனால் இந்த முட்டியோடு ஆடினால் பிறகு நடக்கவே சிரமம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊரில் அந்தப் பி.டி. மாஸ்டர், விட்ட படிப்பை முடித்துவிடு, பள்ளிக்கூடத்தில் கோச்சாகச் சேர்த்துவிடுகிறேன் என்கிறாராம்.

"பாதியில விட்டுட்டுப் போகவா பெரியப்பா? அப்பா இருந்தா முடிச்சிட்டுப் போலேன்னுதான் சொல்லுவாரு." டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "அன்னைக்கும் அதத்தான் சொன்னாரு. ஒங்களுக்கு ஒண்ணு தெரியுமா? அந்தச் செவ்வாக்கெழம நான் பேர வாபஸ் வாங்கத்தான் இருந்தேன். அப்பா மொகம் அப்படி ஆயிருச்சு, வேண்டாம், முடிச்சிட்டே போவோம்னு. அதுக்குள்ள அவரு போன் பண்ணிக் காரியத்தக் கெடுத்துட்டாரு. ஏன் பண்ணாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. என்னத் தடுக்கத்தான் பண்ணாரோ?"

அப்போதுதான் தம்பி எனக்கு விளங்கியது. அவன் உனக்காக விட்டுக்கொடுத்த அதே காலையில் நீ அவனுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாய். நீங்கள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை.

நான் சொன்னேன். ஷெட்டுக்குப் பின்னால் நீ என்னைக் கூட்டிக்கொண்டு போனதிலிருந்து, "அவன் போட்டும்" என்றதிலிருந்து, ஒன்று விடாமல் சொன்னேன். அவன் விழுந்து எழுந்து சிரித்ததைப் பற்றி நீ பேசியதைச் சொன்னேன். ஓடாமல் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று நீ நினைத்ததைச் சொன்னேன். நல்ல சட்டை போட்டு நின்று நீ போன் பேசியதைச் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு கேட்டான்.

"எந்தச் சட்ட போட்டிருந்தாரு?"

"வெள்ளைல நீலக் கட்டம்."

"கோயிலுக்குப் போடுறதா?"

"அதேதான்ப்பா."

கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அவ்வளவு பெரிய உடம்பு, அந்தச் சின்ன நாற்காலியில் குலுங்கியது. கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். என் கைக்கு அவன் முதுகில் பாதிதான் எட்டியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் என்ன பண்ண, பெரியப்பா?" என்றான்.

எனக்கு விளையாட்டும் தெரியாது, படிப்பும் தெரியாது. இந்த ஊரில் காண்ட்ராக்ட் முடியாமல் ஒரு நாளும் நகராதவன் நான். முடித்துவிட்டுப் போ என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அவன் முட்டியில் இருந்த கட்டைப் பார்த்தேன்.

"போ. போறதுல தப்பே இல்ல. ஆனா ஓடாதே. நேர்ல போய் நின்னு, கேட்டுட்டுப் போ."

மறுநாளே கிளப்புக்குப் போய்ப் பேசியிருக்கிறான். அவர்களும் மரியாதையாகவே பேசி விட்டுவிட்டார்கள். போன வாரம் விமானம் ஏறிவிட்டான். ஏறுவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்து, "போயிட்டு வாரேன் பெரியப்பா" என்றான். சொல்லிவிட்டுத்தான் போனான்.

உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் இதுதான். யாரிடமாவது ஏதாவது கேட்கப் போகிறேன் என்றால், ஆபீஸ் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் காலை ஒட்டி வைத்து ஒரு நிமிஷம் நிற்கிறேன். நானாக நிற்பதில்லை, கால் தானாகப் போய் அப்படி நின்றுகொள்கிறது. மகனுக்காக ஊர் விட்டு ஊர் போன் போட்டு, முகம் தெரியாத மனிதர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லி ரிலீஸ் கேட்டவன் நீ. உனக்கு மட்டும் அந்த ஒழுங்கு தெரியாமல் போய்விட்டது. டூட்டிக்கு நடுவில், வண்டியை ஓரம்கூடக் கட்டாமல், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டாய். என்னிடமாவது கேட்டிருக்கலாம்.

கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.